பட்டுவுக்கு வயிறு சரியில்லை

பூனை பிடிக்காதவர்கள் இந்த வாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம் என்று முதல் வரியிலேயே எழுத நினைத்தேன். பிறகு விட்டுவிட்டேன். 2016 வரை நானும் உங்கள் கட்சிதான். அந்த வருஷம் டிசம்பரில் வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்ட அன்று, மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் நனைந்த கர்ச்சீப் மாதிரி ஒன்று கிடந்தது. கர்ச்சீப் கத்தியது. கரண்ட் வரும்வரை இருக்கட்டும் என்று உள்ளே எடுத்து வந்தோம். ஐந்தாம் நாள் கரண்ட் வந்துவிட்டது. பூனை போகவில்லை. என் மனைவி அதற்குப் பட்டு என்று பெயர் வைத்தாள்.

வீட்டில் அப்போது அத்தையும் இருந்தார்கள். அப்பாவின் அக்கா. மாமா காலமான பிறகு, 2015-ல் அம்பாசமுத்திரம் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எங்களோடு வந்துவிட்டவர்கள். வயது எழுபத்தெட்டு. ஆற்றங்கரையில் வளர்ந்த மனுஷிக்கு மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் என்ன வேலை? சாயங்காலமானால் இருநூறு கிராம் உதிரி மல்லிகையை முறத்தில் கொட்டி, ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்து, சாமி படங்களுக்குப் பூ கட்டுவார்கள். தான் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் கட்டுவதில் ஒரு வேகம், ஒரு அழுத்தம். நூலின் ஒரு நுனி கால் கட்டைவிரலில். இன்னொரு பக்கம் நூல்கண்டு தரையில் உருளும். எதிரே பட்டு உட்கார்ந்து நூல்கண்டையே பார்த்துக்கொண்டிருக்கும்.

“சனியனே, தள்ளிப் போ” என்பார்கள். அது போகாது. இவர்களும் விரட்டமாட்டார்கள். தினமும் ஒரு மணி நேரம் இது நடக்கும்.

2018, ஆடி மாதம். வெள்ளிக்கிழமை காலை. நான் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தேன்.

“ஏல, இங்க வந்து பாரு. அது ஓங்கரிக்குது.”

திருநெல்வேலிக்காரர்களுக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: வாந்தி வருவதற்கு முன்னால் வயிறு உள்ளே இழுத்து இழுத்து ஒரு சத்தம் வருமே, அதுதான் ஓங்கரிப்பு. பட்டு நாலு காலையும் ஊன்றி, கழுத்தை நீட்டி, முதல் நாள் தின்றதைப் பாயில் எடுத்து வைத்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடி. இந்தத் தடவை வெறும் நுரை.

நான் ஒரு புத்தகம் படித்துவிட்டால் போதும், அந்தத் துறைக்கே நிபுணன். “முடி உருண்டை அத்தை. பூனை தன்னைத் தானே நக்கிக்கிறது இல்லையா, அந்த முடியெல்லாம் வயித்துல சேர்ந்து இப்படித்தான் வெளியே வரும்” என்று சொல்லிவிட்டு ஷேவிங்கை முடிக்கப் போய்விட்டேன்.

சொன்னது தப்பில்லை. பூனை எப்போதாவது ஒரு தடவை வாந்தி எடுத்து, உருண்டையாக முடியைக் கக்கிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி சாப்பாட்டுத் தட்டுக்கு வந்து நிற்கும். அதற்காக யாரும் ஆட்டோ பிடிக்க வேண்டாம். ஆனால் பட்டுவின் வாந்தியில் முடி இல்லை. அது தட்டுக்கும் வரவில்லை. இந்த இரண்டையும் நான் பார்த்தேன். பார்த்ததைச் சேர்த்துப் பார்க்கவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். அந்த இரண்டு நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்தது பூனை இல்லை.

வைத்தியத்துக்கு மட்டும் பஞ்சமே இல்லை. எதிர் ஃப்ளாட்காரர் அறுகம்புல் போடச் சொன்னார். வாட்ச்மேன் காம்பவுண்டு ஓரத்திலிருந்து குப்பைமேனிச் செடியை வேரோடு பிடுங்கி வந்தார். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. குப்பைமேனி வேரின் வாசனைக்குப் பூனைகள் கிறங்கும், புரளும். அதனாலேயே நம் ஆட்கள் அதற்குப் பூனைவணங்கி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அழகான பெயர். பட்டு அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பூனைவணங்கிக்கே வணங்காத பூனை என்றால் விஷயம் பெரிது என்று அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

நான் பால் வைத்தேன். கம்பர் தன் ராமாயணத்தைத் தொடங்கும்போது, பாற்கடலையே நக்கிக் குடிக்கப் புகுந்த பூனை என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். அன்றிலிருந்து நமக்குப் பூனை என்றால் பால்தான். உண்மையில் வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் ஜீரணமாகாது. நல்ல வயிற்றையே கெடுக்கும் என்றால் கெட்ட வயிற்றை என்ன செய்யும்? பட்டு இரண்டு வாய் நக்கியது. பத்தாவது நிமிஷம் அதுவும் வெளியே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இதற்காகவாவது இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வையுங்கள். உறவினர் ஒருவர் போனில், “உடம்பு சுடுதுன்னா பாதி பாராசிட்டமால் கரைச்சு ஊத்துங்க, எங்க குழந்தைக்கே அதுதான்” என்றார். நான் மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். “எதுக்கும் டாக்டரைக் கேக்காம வேண்டாம்” என்று மனைவி பிடுங்கி வைத்தாள். அவளுக்கும் காரணம் தெரியாது, ஏதோ பயம். அந்தப் பயத்தால் பட்டு பிழைத்தது. நம் கல்லீரல் பாராசிட்டமாலை உடைத்து வெளியே அனுப்ப வைத்திருக்கும் வழி பூனையின் கல்லீரலில் ஏறக்குறைய இல்லவே இல்லை. மருந்து விஷமாக மாறி ரத்தத்தைத் தாக்குகிறது. ரத்தம் பழுப்பாகி ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். பாதியும் ஆபத்துதான்.

சனிக்கிழமை பட்டு பீரோவுக்கு அடியில் போய்விட்டது. கோழி அடை காக்கிற மாதிரி நாலு காலையும் உள்ளே மடக்கி, முகம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. நாய்க்கு வலித்தால் தெருவுக்கே தெரியும். பூனை அப்படியில்லை. அது எலிக்கு எமன் என்றாலும் காட்டில் அதைவிடப் பெரிய பிராணிகளுக்கு அதுவே இரை. பலவீனத்தைக் காட்டினால் தீர்ந்தது கதை. அதனால் வலியை மறைக்கப் பழகிய ஜாதி. மத்தியானம் ஒரு தடவை வெளியே வந்தது. தண்ணீர்க் கிண்ணத்துக்கு நேராகக் குனிந்து, குடிக்காமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தது. தாகம் இருக்கிறது, குமட்டல் விடவில்லை. அதற்கு அதுதான் அர்த்தம் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு கல்யாண ரிசப்ஷன். போனோம். குலாப் ஜாமூன் நன்றாக இருந்தது என்பதுகூட இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதை நினைத்தால்தான் சங்கடமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அத்தைதான் வாயைத் திறந்தார்கள். பூ கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

“நூல்கண்டு உருண்டு அது மூக்குக்கிட்டயே போச்சு. திரும்பிக்கூடப் பாக்கல. இது நல்லதுக்கு இல்ல, சொல்லிட்டேன்.”

மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் பழைய துண்டை விரித்துப் பட்டுவை வைத்தோம். வழக்கமாகக் கூடையைப் பார்த்தாலே நாலு பேர் கையைக் கீறும். அன்று அடம் பிடிக்காமல் படுத்துக்கொண்டது. அந்தச் சாதுத்தனம் எனக்குப் பிடிக்கவில்லை.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் சின்ன வயசு டாக்டரம்மா. ஊசியை எடுக்கவில்லை, கேள்வியை எடுத்தார். எத்தனை தடவை வாந்தி? என்ன நிறம்? கடைசியாகச் சாப்பிட்டது எப்போது? மூத்திரம் போகிறதா? வீட்டில் எலி பாஷாணம் உண்டா? நான் திருதிருவென்று விழித்தேன். மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்தவன், பாதிக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்கு இந்த நிலைமை வந்தால் வாந்தியைத் துடைப்பதற்கு முன்னால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரத்தைக் குறித்து வையுங்கள். அருவருப்பு பார்க்காதீர்கள். டாக்டருக்கு அதுதான் ஜாதகம். மூத்திரக் கேள்வியை ஏன் கேட்டார் என்றால், கடுவன் பூனைக்குச் சில சமயம் மூத்திரப் பாதை அடைத்துக்கொள்ளும். அப்போதும் வாந்தி வரும், சாப்பிடாது. நாம் வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்போம். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். பட்டு பெண். அந்தப் பயம் இல்லை.

முதுகுத் தோலைக் கிள்ளித் தூக்கி விட்டார். சட்டென்று படிய வேண்டிய தோல், கூடாரம் மாதிரி நின்று மெதுவாக இறங்கியது. “உடம்புல தண்ணியே இல்ல சார்” என்றார். ஈறைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து, தாடைக்கு வெளியே அடியிலிருந்து கட்டைவிரலால் மேலே அழுத்தினார். நாக்கு தூக்கிக்கொண்டது. டார்ச் அடித்தார்.

“இங்க பாருங்க.”

நாக்கின் அடிவேரைச் சுற்றி, சதைக்குள் பதிந்து, வெள்ளையாக ஒரு கோடு. நூல்.

நான் ஏதோ நினைப்பில் கையை நீட்டிவிட்டேன். “தொடாதீங்க!” என்று அதட்டினார். அதுவரை சார், சார் என்று பேசிக்கொண்டிருந்தவர்.

விஷயம் இதுதான். பூனையின் நாக்கை நீங்கள் தொட்டுப் பார்த்திருந்தால் தெரியும், உப்புத்தாள் மாதிரி இருக்கும். அத்தனையும் பொடிப்பொடி முட்கள், எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. எலும்பிலிருந்து கறியைச் சுரண்ட ஏற்பாடு. அந்த நாக்கில் நூல் மாட்டினால் துப்ப முடியாது, உள்ளேதான் போக முடியும். நூலின் நடுப்பகுதி நாக்கடியில் மாட்டிக்கொள்ள, மீதி இரைப்பையைத் தாண்டிக் குடலுக்குள் இறங்குகிறது. குடல் சும்மா இருக்காது, வந்ததைக் கீழே தள்ளப் பார்க்கும். நூலோ மேலே கட்டியிருக்கிறது, நகராது. அதனால் குடல் நூலின் மேல் ஏறி ஏறிச் சுருங்குகிறது. பாவாடைக்கு நாடா கோத்து இழுத்தால் துணி கொசுவிக்கொண்டு வருமே, அப்படி. விறைத்த நூல் ரம்பம் மாதிரி குடல் சுவரை அறுக்க ஆரம்பிக்கிறது. அந்த நேரம் யாராவது வெளியே தெரிகிற நுனியைப் பிடித்து இழுத்தால், அறுப்பு அங்கேயே முடிந்துவிடும். வாயில் தெரிந்தாலும் சரி, பின்பக்கம் தொங்கினாலும் சரி, இழுக்கவே கூடாது. அப்படியே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும்.

“வீட்ல யாராவது தைப்பீங்களா?” என்று கேட்டார்.

நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் யாரும் தைப்பதில்லை.

அன்றிரவு அங்கேயே டிரிப்ஸ் ஏறியது. திங்கள் காலை வேப்பேரி, கால்நடை மருத்துவக் கல்லூரி. 1903-ல் ஆரம்பித்த கல்லூரி. நான் சென்னையில் இத்தனை வருஷமாகக் குப்பை கொட்டியும் அன்றுதான் உள்ளே நுழைந்தேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் ஒரு பக்கம் லாப்ரடார், ஒரு பக்கம் கால் கட்டுப்போட்ட ஆடு, எதிரே கூண்டுக் கிளியை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்த ஒரு ஆட்டோ டிரைவர். யாரும் யாரையும் வேடிக்கை பார்க்கவில்லை. எக்ஸ்ரேயில் நூல் தெரியாது, கொசுவிய குடல் தெரியும் என்று படத்தைத் தூக்கிக் காட்டினார்கள். தெரிந்தது.

நாக்கடியில் நூலை வெட்டி விடுவித்து, வயிற்றைத் திறந்து, இரைப்பையில் ஒரு இடம், குடலில் இரண்டு இடம் கீறி, துண்டு துண்டாக எடுத்தார்கள். ஒரே இடத்தில் இழுத்து எடுக்க முடியாதாம். குடல் இன்னும் ஓட்டையாகவில்லை. இன்னொரு நாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாக்கியத்தை முடிக்கவில்லை. எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் காட்டினார். சேர்த்து வைத்தால் ஒன்றரை முழம் இருக்கும். ஒரு துண்டில் முடிச்சு இருந்தது. முடிச்சுக்குள் இரண்டு மல்லிகைக் காம்பு.

கட்டி முடித்து மிச்ச நூலை அறுத்து ஓரமாகப் போடுவார்கள் அத்தை. ஆடி வெள்ளிக்காக வியாழக்கிழமை இரட்டிப்புப் பூ.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதே பேச்சு. சொல்லக் கூடாது என்று மனைவி. நானும் அதேதான் நினைத்தேன். வீட்டை, ஊரை, ஆற்றை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் சொந்த வேலை. அதையும் பறிப்பதா?

கதவைத் திறந்ததும் கேட்டார்கள்.

“என்னவாம்?”

“ஏதோ நூலை முழுங்கிருச்சாம் அத்தை. எடுத்துட்டாங்க. பயமில்ல.”

“என்ன நூலு?”

“கறுப்பு நூல். எங்கேயோ தையல் கடைப் பக்கம் போயிருக்கும் போல.”

மூன்றாவது மாடியை விட்டு இறங்காத பூனை எந்தத் தையல் கடைக்குப் போகும் என்று அவர்கள் கேட்கவில்லை. சரி என்று உள்ளே போய்விட்டார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அன்று சாயங்காலம் பூக்காரம்மா வந்தபோது பூவை வாங்கி, கட்டாமல், சாமி படங்களின் காலடியில் உதிரியாகவே வைத்துவிட்டார்கள். அடுத்த நாளும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் பட்டு வீட்டுக்கு வந்தது. வயிற்றில் தையல், கழுத்தில் புனல். ஆனால் சாப்பிடவில்லை. வாந்தி நின்றுவிட்டது, அடைப்பு போய்விட்டது, இனிமேல் என்ன? டாக்டர் போனில் தெளிவாகச் சொன்னார். மனுஷன் ஒரு வாரம் உண்ணாவிரதம் இருக்கலாம், பூனை கூடாது. சாப்பாடு இல்லை என்றதும் உடம்பில் இருக்கிற கொழுப்பெல்லாம் கல்லீரலுக்கு வந்து குவிந்துவிடும். பூனையின் கல்லீரலுக்கு அதைச் சமாளிக்கிற சக்தி போதாது. இரண்டு மூன்று நாள் பட்டினியே இந்த வம்பைத் தொடங்கிவிடும். குண்டுப் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். பட்டு குண்டு. “இன்னிக்கு ராத்திரிக்குள்ள சாப்பிடலைன்னா மூக்கு வழியா டியூப் போடணும் சார். பூனை வாயால சாப்பிடறதில்ல, மூக்காலதான் சாப்பிடும். வாசனை வரணும். வெதுவெதுப்பாக் குடுங்க.”

வாசனை வரக்கூடிய சமாச்சாரம் என்னவென்றால் கோழி. பாக்கெட்டில் அரைத்த விழுதாக வருகிறது.

எங்கள் வீடு சைவம். வெங்காயத்துக்கே ஒரு காலத்தில் பஞ்சாயத்து நடந்த வீடு. பட்டுவுக்கு அதுவரை பூனைக்கென்று விற்கிற உலர்ந்த தீனியும் நடுவில் தயிர்சாதமும். தீனிப் பையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நாங்கள் யாரும் உரக்கப் படித்ததில்லை. ருத்திராட்சப் பூனை என்று யாரைச் சொல்வது!

பாக்கெட்டைப் பால்கனியில் வைத்து, கத்தரித்து, ஒரு பழைய மூடியில் பிதுக்கி நீட்டினேன். பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விரலில் எடுத்து நீட்டினேன். புனலுக்குள் முகத்தை இழுத்துக்கொண்டது. மணி எட்டு. ஒன்பது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஆறிப்போனதை நீட்டினா யாருக்குத்தான் இறங்கும்?”

அத்தை வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்கள். கையில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் நிறைய வெந்நீர். முந்தானையால் மூக்கை இறுக்கக் கட்டியிருந்தார்கள். குனிந்து உட்காரவே இரண்டு நிமிஷம் ஆனது. மூடியை வாங்கி வெந்நீரின் மேல் மிதக்கவிட்டார்கள். கொஞ்ச நேரம் பொறுத்து, விரலால் தொட்டுச் சூடு பார்த்தார்கள். எழுபத்தெட்டு வருஷத்தில் அந்தக் கை கோழியைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

“இந்தா. தின்னு சனியனே. கோவிச்சுக்கிடாத.”

பட்டு அந்த விரலை முகர்ந்தது. கோழி வாசனை வந்ததா, மல்லிகை வாசனை வந்ததா எனக்குத் தெரியாது. ஒரு தடவை நக்கியது. நிறுத்தி யோசித்தது. மறுபடி நக்கியது. அத்தை அடுத்த விரலைத் தொட்டு நீட்டினார்கள். நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் நின்றோம். அரை மூடி காலியாவதற்குக் கால் மணி நேரம் ஆனது.

கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிக்கொண்டு என்னிடம் வந்தார்கள்.

“ஏல.”

“என்ன அத்தை?”

“உங்கப்பனும் இப்படித்தான். பொய் சொல்லும்போது மூக்கைத் தொடுவான். கறுப்பு நூலாம்ல, கறுப்பு நூலு!”

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்ல முடியும்?

“அந்தப் பிஸ்கட் டப்பா, மூடி இறுக்கமா இருக்குமே, அதை எடுத்துக் கழுவிக் குடு. நாளைக்கு வெள்ளிக்கிழமை.”

மறுநாள் அந்த டப்பா அவர்கள் மடிக்கு வந்தது. நூல்கண்டு அதற்குள். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போட்டு, நூல் அது வழியாக வெளியே வருகிற மாதிரி செய்துகொண்டார்கள். அறுத்த துணுக்கெல்லாம் உடனே இன்னொரு டப்பாவுக்குள். கட்டி முடித்ததும் முறத்தையும் உதறி, பாயையும் உதறி, தரையைக் கையால் ஒரு தடவை தடவிப் பார்த்த பிறகுதான் எழுந்தார்கள். பட்டு கழுத்துப் புனலோடு எதிரே உட்கார்ந்து டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது.